அணையா அடுப்பு ஏற்றிய வள்ளல்

தைப்பூசத் திருநாள் நெருங்குகிறது என்றாலே மலேசிய, சிங்கப்பூர் இந்துப் பெருமக்களின் நெஞ்சில் முதலில் தோன்றுவன காவடியும் பால்குடமும் இரத ஊர்வலமுமே. பத்துமலை, பினாங்குத் தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை, சிங்கப்பூர்த் தேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம் என எத்திசை நோக்கினும் வேலவன் திருநாமமே ஒலிக்கும். அதே பூச நன்னாளில், தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்து வடலூரில், எண்கோண வடிவில் அமைந்த சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் ஒவ்வொன்றாக விலக்கப்படுகின்றன. மக்கள் உள்ளே ஒளிரும் சோதியைத் தரிசித்து வணங்குகின்றனர். அச்சபைக்கு அருகே உள்ள தருமச்சாலையில் 1867ஆம் ஆண்டு மூட்டப்பட்ட அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து, வருவோர்க்கெல்லாம் உணவு சமைத்துக் கொண்டிருக்கிறது.

அந்தச் சோதியையும் அந்த அடுப்பையும் நமக்கு விட்டுச் சென்றவர் வடலூர் வள்ளலார் என்று போற்றப்படும் இராமலிங்க அடிகளார். பூச நாளில் பக்தியோடு ஆலயம் செல்லும் நாம், பக்தி என்பது மனிதனின் குணத்தில் எவ்வாறு வெளிப்பட வேண்டும் என்பதை அப்பெருமானின் வாழ்வைக் கொண்டு சற்றே சிந்திப்பது பயனுடையதாகும்.

பின்வாசலில் உண்ட சிறுவன்

சிதம்பரத்திற்கு அருகிலுள்ள மருதூர் என்னும் சிற்றூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாக அவர் தோன்றினார். தந்தையார் ஊர்க் கணக்கராக இருந்தவர். குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையார் மறைந்தார். கைம்பெண்ணான தாயார் மக்களை அழைத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கம் சென்று, பின்னர்ச் சென்னையில் ஏழுகிணறு வட்டாரத்தில் குடியேறினார். மூத்த தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவுகள் நிகழ்த்தி, அதில் வரும் சிறு வருவாயைக் கொண்டு குடும்பத்தைத் தாங்கினார்.

தம்பியைப் பெரிய புலவனாக்க வேண்டும் என்பது தமையனாரின் ஆசை. தம்பியோ பள்ளிப் பாடத்தில் மனம் பற்றாது கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே கதி எனக் கிடந்தார். சிறு வயதிலேயே அம்முருகன்மீது அவர் பாடியதே தெய்வமணிமாலை. நம் நாட்டில் காவடி தூக்கும் அன்பர்கள் பலர் அறியாத செய்தி இது. சோதி வழிபாட்டை நிறுவிய அம்மகானின் முதல் தெய்வம் நம் கந்தப் பெருமானே ஆவார்.

தம்பியின் போக்கைக் கண்டு சினந்த தமையனார், அவனுக்கு வீட்டில் சோறிடலாகாது என்று கட்டளையிட்டாராம். அண்ணியாரோ மனம் பொறுக்காமல், கணவர் அறியாதவாறு பின்வாசல் வழியே சிறுவனை அழைத்து உணவளித்து வந்தார். மறைந்த மாமனாரின் நினைவு நாளன்று ஊராரெல்லாம் விருந்துண்டு சென்ற பின், பெற்ற பிள்ளை மட்டும் பின்வாசலில் வந்து உண்பதைக் கண்டு அந்த அம்மையார் கண்ணீர் விட்டார். அக்கண்ணீர் சிறுவனை அசைத்தது. வீட்டிலிருந்தே படிப்பதாக ஒப்புக்கொண்டு, மேல்மாடி அறையில் ஒரு கண்ணாடியையும் விளக்கையும் வைத்துத் தியானத்தில் அமர்ந்தார். அக்கண்ணாடியில் திருத்தணிகை முருகன் காட்சி தந்தருளினான் என்பது அன்பர்களின் நம்பிக்கை.

இன்னொரு நிகழ்ச்சியும் சொல்லப்படுகிறது. திருவொற்றியூருக்குச் சென்று வழிபட்டு நள்ளிரவில் திரும்பியவர், வீட்டுக் கதவு தாழிடப்பட்டிருக்கக் கண்டு, உறங்குவோரை எழுப்ப மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணியாரின் வடிவில் ஒருவர் வந்து எழுப்பி அமுதூட்டிச் சென்றார். மீண்டும் உண்மையான அண்ணியார் வந்து சாப்பிட அழைத்தபோதுதான், முன்பு வந்தவள் திருவொற்றியூர் வடிவுடையம்மையே என்பது விளங்கிற்றாம்.

இவ்வரலாறுகளை ஒருவர் அற்புதமாகக் கொள்ளலாம். இன்னொருவர் அன்பர்களின் கர்ண பரம்பரைக் கதையாகக் கொள்ளலாம். எவ்வாறு கொண்டாலும் ஓர் உண்மை தெளிவு. பசி இன்னது என்பதையும், பசித்த நேரத்தில் ஒரு கை சோறிடும் மனித நெஞ்சம் எத்தகையது என்பதையும் இளமையிலேயே உணர்ந்தவர் அவர். பின்னாளில் எரிந்த பெரிய அடுப்புக்கு முதல் பொறி அந்த அண்ணியாரின் சமையற்கட்டிலேயே விழுந்தது எனலாம்.

பட்டத்தை விரும்பாத புலவர்

தமையனார் நோயுற்றிருந்த ஒருநாள், அவருக்குப் பதிலாகச் சோமு செட்டியார் என்பவரின் இல்லத்தில் பெரியபுராணச் சொற்பொழிவுக்குச் சென்ற சிறுவர், ஒரே பாடலுக்கு நள்ளிரவு வரை பொருள் விரித்து அவையோரை வியக்க வைத்தார். அன்று முதல் அவர் புகழ் பரவத் தொடங்கிற்று. 1850ஆம் ஆண்டு தமக்கையாரின் மகள் தனக்கோடி அம்மையாரை உறவினரின் வற்புறுத்தலால் மணந்தார். ஆயினும் இல்லற வாழ்வில் அவர் உள்ளம் தோயவில்லை. வெள்ளாடையே உடுத்து, தலையையும் அதனால் மூடி, கைகளைக் கட்டிக்கொண்டு அடக்கமே உருவாக நடந்த அவரைக் காவியுடுத்த துறவி என்று சொல்வதற்கில்லை. இல்லறத்தார் என்றும் சொல்வதற்கில்லை.

அவர் உரைநடையும் எழுதினார். 1854இல் வெளிவந்த மனுமுறை கண்ட வாசகம் என்னும் நூல், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழ மன்னனின் வரலாறு. அதில் ஓரிடம் நம் நெஞ்சைத் தொடுவதாகும். நீதி வழுவாத அம்மன்னன், தனக்கு இத்துயர் நேர என்ன பாவம் செய்தோமோ என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். கொலை, களவு போன்ற பெரும் பாவங்களோடு அவன் நின்றுவிடவில்லை. தருமம் செய்பவரைத் தடுத்தது, நண்பரிடையே பிளவு உண்டாக்கியது, வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைத்தது, பசியோடு வந்தவரைக் காணாததுபோல் இருந்தது என்று, நாம் அன்றாடம் செய்துவிட்டு மறந்துபோகும் சிறு குற்றங்களையும் வரிசையாக எண்ணிப் பார்க்கிறான். ஒழுக்கம் என்பது பிறர் குற்றத்தைக் கணக்கெடுப்பதன்று. தன் குற்றத்தைத் தேடிப் பார்ப்பது என்பதே அப்பகுதி நமக்கு உணர்த்தும் பாடம்.

அவர் பாடிய பாடல்களை அச்சிட வேண்டும் என்று அன்பர்கள் பலகாலம் வேண்டினர். அவர் இணங்கவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர், பாடல்கள் கைக்கு வந்து சேரும் வரை நாளொன்றுக்கு ஒருவேளையே உண்பது என்று விரதம் பூண்டார். தம் பொருட்டு ஒருவர் பசித்திருப்பதை அடிகளார் தாங்குவாரா? இசைந்தார். ஆனால் தம் பெயரை இராமலிங்கசாமி என்று ஆரவாரமாகப் போடுவதில் தமக்கு விருப்பமில்லை என்று கடிதம் எழுதினார். முதல் நான்கு திருமுறைகள் தொழுவூர் வேலாயுத முதலியாரால் தொகுக்கப்பெற்று, 1867ஆம் ஆண்டு திருவருட்பா என்னும் பெயரில் வெளிவந்தன. ஐந்தாம் திருமுறை 1880இலும் ஆறாம் திருமுறை 1885இலும், அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறின.

வடலூர்ப் பெருவெளி

1858ஆம் ஆண்டளவில் சென்னையை விட்டு நீங்கிய அடிகளார், சிதம்பரம் சென்று வழிபட்டு, வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். அங்கு எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீரில் விளக்கெரிந்தது என்ற வரலாற்றைப் பலரும் அறிவர். 1865இல் சாதி சமய வேறுபாடு பாராத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார்.

அக்காலச் சூழலை நாம் நினைவில் கொள்ள வேண்டும். மழை பொய்த்து, 1866ஆம் ஆண்டு சென்னை மாகாணம் பஞ்சத்தின் கொடுமையைக் கண்டது. உழவர்களும் கூலிகளும் மிகுந்த வட்டாரத்தில் வாழ்ந்த அடிகளார் பசியின் முகத்தை நாள்தோறும் கண்டிருப்பார். மடம் கட்டியோ, பாடல் பாடியோ, தத்துவ வாதம் செய்தோ அப்பசியைத் தணிக்க இயலாது என்று அவர் உணர்ந்தார். வடலூர் மக்களிடம் இடம் கேட்டார். அவர்கள் 80 காணி நிலத்தை மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் தருமச்சாலை தொடங்கப் பெற்றது. அன்று மூட்டிய நெருப்பே இன்றும் எரிவது. ஊரார் கொடுக்கும் அரிசியும் காய்கறியும் விறகுமே அதன் மூலதனம்.

அவருடைய சீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலின் சாரத்தை, என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் இவ்வாறு சொல்லலாம். உயிர்களிடத்து இரக்கம் கொள்வதே கடவுள் வழிபாடு. அவ்விரக்கத்தால் செய்யும் காரியங்களுள் பசியைப் போக்குவதே தலையாயது. ஏனெனில் பசி வந்தபோது மனிதனின் அறிவும் மானமும் நல்ல எண்ணமும் ஒவ்வொன்றாகக் கெடுகின்றன. உணவு கிடைத்ததும் அவை மீண்டும் தளிர்க்கின்றன. பசித்து வந்தவன் எந்நாட்டவன், எச்சமயத்தவன், எக்குலத்தவன், எத்தகைய நடத்தையுடையவன் என்று விசாரிக்கலாகாது. பசி ஒன்றே அவனுக்குரிய தகுதி.

அதே வேளை அவர் நடைமுறை அறியாதவர் அல்லர். தன் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குச் சோறிடுவதை அவர் ஒப்பவில்லை. திருமணம் முதலிய விசேட நாள்களில் ஆடம்பரத்திற்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியையாவது ஏழைகளின் பசியாற்றச் செலவிடுமாறே அறிவுறுத்தினார்.

பிறர் துன்பத்தைக் கண்டும் சிலருக்கு இரக்கம் பிறப்பதில்லையே, ஏன் என்ற கேள்வியையும் அந்நூலில் அவரே எழுப்பி விடை தருகிறார். அறிவாகிய கண் மங்கிவிட்டதால், எதிரே நிற்பவன் தன் உடன்பிறப்பு என்பது அத்தகையோர்க்குத் தெரிவதில்லை என்பது அவர் கருத்து. கல் நெஞ்சன் என்று எவரையும் அவர் ஒதுக்கவில்லை. பார்வை மங்கியவர் என்றே கருதினார். மங்கிய பார்வை தெளியக்கூடியது அன்றோ! மனித குணத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த நம்பிக்கைக்கு இதுவே சான்று.

வழக்கும் கஞ்சித்தொட்டியும்

இத்தகைய பெரியோருக்கும் எதிர்ப்பு வந்தது. அடிகளாரின் பாடல்களுக்குத் திருவருட்பா என்றும் திருமுறை என்றும் பெயரிட்டதை யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் கண்டித்தார். தேவார திருவாசகங்களுக்கு உரிய பெயரைச் சமகாலத்தவர் ஒருவரின் பாடலுக்குச் சூட்டலாகாது என்பது அவர் வாதம். கண்டன நூல்கள் இரு தரப்பிலும் எழுந்தன. 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை விவகாரம் சென்றது. அடிகளார் மீது குற்றம் நிலைக்கவில்லை.

நம் நாட்டில் வள்ளலார் அன்பர்களும் உண்டு. நாவலர் பெருமானைத் தெய்வமாகப் போற்றும் யாழ்ப்பாணத்து வழிவந்த சைவப் பெருமக்களும் உண்டு. ஆதலால் ஈண்டு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1876ஆம் ஆண்டை ஒட்டிப் பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி அமைத்து, பொருளுடையோரிடம் நிதி திரட்டி, ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தவர் அதே நாவலர் அவர்களே. நூலின் பெயர் குறித்து இருவரும் ஒத்துப்போகவில்லை. பசித்தவன் முன்னிலையில் இருவரும் ஒன்றையே செய்தனர். நம்பிக்கையில் வேறுபட்ட இருவரைப் பண்பு ஒன்றாக நிறுத்திவிட்டது. கொள்கையின் பெயரால் ஆலயத்துக்குள்ளேயே இரண்டு மூன்று அணிகளாகப் பிரிந்து நிற்கும் நமக்கு இதைவிடச் சிறந்த படிப்பினை வேறு உண்டோ!

சோதியும் மறைவும்

1870ஆம் ஆண்டு அடிகளார் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில், சித்திவளாகம் என்று அவர் பெயரிட்ட இல்லத்திற்குச் சென்றார். 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று ஞான சபையில் முதல் சோதி வழிபாடு நிகழ்ந்தது. அவ்வாண்டே 1596 அடிகள் கொண்ட அருட்பெருஞ்சோதி அகவலையும் இயற்றினார். சபைக்கு அவர் வகுத்த விதிகள் கவனிக்கத் தக்கவை. விளக்கேற்றும் பணிக்கு 12 வயதுக்கு உட்பட்ட சிறுவரோ 72 வயதுக்கு மேற்பட்ட முதியவரோ செல்ல வேண்டும் என்றார். பதவியும் அதிகாரமும் நாடும் பருவத்தினரை அப்பணியிலிருந்து விலக்கி வைத்தார் போலும். கொலையும் புலாலும் தவிர்த்தவரே சபைக்குள் புகலாம் என்றும் வரையறுத்தார். ஆனால் தருமச்சாலைக்கு அத்தகைய நிபந்தனை எதுவும் இல்லை. வழிபாட்டுக்குத் தகுதி கேட்டவர், சோற்றுக்குத் தகுதி கேட்கவில்லை. இந்த வேறுபாட்டை நாம் ஊன்றிச் சிந்திக்க வேண்டும்.

1873ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியேற்றி நீண்டதோர் உரை நிகழ்த்தினார். முன்பு தமக்குச் சைவ சமயத்தில் இருந்த பற்று மிகப் பெரிது என்றும், அதனையும் கடந்து வந்துவிட்டதாகவும் அதில் வெளிப்படையாகக் கூறினார். கந்தகோட்டத்து முருகனில் தொடங்கி, திருவொற்றியூர்த் தியாகேசர், தில்லை நடராசர் என வளர்ந்து, உருவமற்ற சோதியில் நிறைந்தது அவருடைய நம்பிக்கைப் பயணம். நம்மில் பலர் அம்முடிவு வரை அவரோடு செல்ல இயலாதிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு படியிலும் அவருடைய இரக்கம் அகன்றதே தவிரச் சுருங்கவில்லை. நம்பிக்கை வளர்கிறதா, தேய்கிறதா என்று அறிய இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் இரவு, அன்பர்களிடம் விடைபெற்று, சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் புகுந்து கதவை மூடிக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. அப்போது தென்னார்க்காடு மாவட்டக் கலெக்டராக விளங்கிய கார்ஸ்டின் என்ற ஆங்கிலேயர், 1878இல் வெளிவந்த மாவட்டக் கையேட்டில் இச்செய்தியையும், அவர் இறைவனோடு கலந்துவிட்டார் என்ற அன்பர்களின் நம்பிக்கையையும் பதிவு செய்திருக்கிறார். அவர் மறைந்த இரண்டாண்டுகளில் தென்னிந்தியாவை வரலாறு காணாத பஞ்சம் சூழ்ந்தது. அவர் மூட்டிய அடுப்பு முன்னரே ஆயத்தமாக எரிந்துகொண்டிருந்தது.

நம் ஆலயங்களும் அன்னதானமும்

2023ஆம் ஆண்டு அக்டோபரில் அடிகளார் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்தன. அவர் பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிக்கத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவிப்புச் செய்தது. விழா எடுப்பது நன்று. அதனோடு நம் கடமை முடிந்துவிடுமா என்பதே கேள்வி.

ஆலயச் செயலாளர் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றை மனந்திறந்து கூற விழைகிறேன். நம் ஆலயங்களில் அன்னதானத்திற்குக் குறைவில்லை. உபயம் ஏற்கப் போட்டியே நிலவுகிறது. ஆயினும் உபயதாரர் பலகையில் எவர் பெயர் முதலில் வருவது என்பதற்காக மனத்தாங்கல் ஏற்பட்டு, அடுத்த ஆண்டு உபயத்தையே நிறுத்திக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன். விழா முடிந்த மறுநாள் காலை, வாழையிலையோடு சேர்த்துக் குப்பைத் தொட்டியில் கொட்டப்படும் சோற்றையும் கண்டிருக்கிறேன். அதே வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகள் கைவிட்ட முதியோர் தனித்துக் கிடக்கின்றனர். அவர்களால் வரிசையில் வந்து நிற்க இயலாது.

மற்றொன்றும் உண்டு. அண்மைக் காலமாக அன்னதான வரிசையில் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் நிற்கின்றனர். நம்மவர்க்குப் போதாமல் போனால் என் செய்வது, இவர்கள் பக்தர்களா, இவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்ற குரல்கள் கூட்டங்களில் எழுகின்றன. நிர்வாகச் சிரமம் எனக்கும் தெரியும். அரிசி விலையும் எண்ணெய் விலையும் அறிவேன். ஆனால் நம் பாட்டன்மார் யார்? கப்பலேறி வந்து, இரப்பர்த் தோட்டத்து லயங்களிலும் இரயில் பாதை ஓரங்களிலும் அயல்நாட்டுக் கூலிகளாக நின்றவர்கள் தாமே! அவர்கள் கையிலிருந்த செம்பையும் வேலையும் நட்டு எழுப்பிய ஆலயங்களில் அல்லவா இன்று நாம் பதவி வகிக்கிறோம்! வரிசையில் நிற்கும் அயல்நாட்டுத் தொழிலாளியிடம் நாடும் சமயமும் விசாரிப்போமாயின், வள்ளலார் படத்திற்கு மாலை சூட்டுவதில் பொருளில்லை.

நம் மலேசியத் தமிழில் ஓர் அழகிய வழக்கு உண்டு. ஒருவரைக் கண்டதும் பசியாறிவிட்டீர்களா என்று கேட்கிறோம். நம் தோட்டப்புற முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து அது. சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கும் பசியாறினீர்களா என்று கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னதில் எதிரில் இருப்பவரின் பசி நம் கவலையாகிறது. வடலூர்ப் பெருமான் நூலெழுதி விளக்கிய அறத்தை நம் மக்கள் ஒரு நல விசாரிப்பிலேயே அடக்கி வைத்திருக்கின்றனர்.

ஆகவே, ஆலயப் பொறுப்பாளர்களே, இவ்வாண்டுப் பூசத் திருநாளில் நாம் மூன்று காரியங்களையேனும் செய்ய முற்படுவோம். அன்னதான வரிசையில் நிற்கும் எவரையும் யார் என்று கேளாதிருப்போம். எஞ்சிய உணவு கெடுமுன் அதனை முதியோர் இல்லங்களுக்கும் நடமாட இயலாதோர் வீடுகளுக்கும் கொண்டு சேர்க்க இளைஞர் குழுவொன்றை முன்கூட்டியே அமைப்போம். அலங்காரச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, திருவிழா நாளில் மட்டுமன்றி வாரம் ஒருநாளாவது ஆலய மடைப்பள்ளியில் ஏழைகளுக்கென உலையேற்றுவோம்.

வேல் தாங்கிய முருகனின் சந்நிதியில் தொடங்கிய ஒரு சிறுவனின் பக்தி, கோடானுகோடிப் பேரின் பசியாற்றும் அடுப்பாக விளைந்தது. அதே முருகனின் சந்நிதியில் நிற்கும் நம் பக்தியும் பிறர் வயிறு குளிர விளைவதாக. எல்லாம் வல்ல இறைவனின் திருவருளால் அனைத்துயிரும் பசியின்றி, பகையின்றி இன்புற்று வாழ்க!